நண்டுத் திருப்பம்

அச்சுதனைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் துக்கத்தில் ஆரம்பிக்கக் கூடாது. அவனுக்கு அது பிடிக்காது. யாராவது மூக்கைச் சிந்திக்கொண்டு பேசினால், "அதெல்லாம் இருக்கட்டும், ஸ்கோர் என்ன?" என்று கேட்பான். ஆகவே பந்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். அதுவும் ஓடுகிற பந்தில்.

பந்து சதுரங்கப்பட்டினம் குப்பத்துக் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். கல்பாக்கம் டவுன்ஷிப் பையன்களுக்கு உள்ளேயே நல்ல மைதானம் உண்டு. வெள்ளைக் கோடு, கோல் வலை எல்லாம் இருந்தது. ஆனாலும் அச்சுதன் சைக்கிளை மிதித்துக்கொண்டு குப்பத்துக்குத்தான் வருவான். அங்கே ஆட்டம் வேறு மாதிரி. இரண்டு கழிகளை நட்டால் கோல். கரைப் பக்கம் வலை காயப்போட்டிருக்கும் இடம் எல்லை. கடல் பக்கம் எல்லையே கிடையாது. அலை பந்தைத் தூக்கிக்கொண்டு போகும்வரை ஆட்டம் நிற்காது. முழங்கால் தண்ணீரில் நின்று உதைக்கலாம், நுரையில் விழுந்து எழுந்து கோல் போடலாம். பந்து அலை தாண்டிப் போய்விட்டால் கடைசியாக உதைத்தவன் நீந்திப் போய் எடுத்து வர வேண்டும்.

முதல் நாள் அவனைக் கடலோரம் ஓடும் வலது விங்கில் நிறுத்தினார்கள். சுத்தக் குசும்பு. நிறுத்தியவன் தேசப்பன், அதே வயது, குப்பத்து டீமுக்குத் தன்னைத்தானே கேப்டனாக்கிக் கொண்டவன்.

"டவுன்சிப்பு, நீச்சல் தெரிமா?"

"தெரியாது."

"அப்போ பந்த கடல்ல வுடாத. வுட்டா நீ போவணும். நீ போனா உன்ன இட்டார நான் வரணும். எனக்கு மீன் புடிக்கிறதே பேஜாரா கீது."

நீச்சல் தெரியாததுதான் அச்சுதனுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது. அவர்கள் கோல் மாமல்லபுரம் திசையில் இருந்தது. அந்தப் பக்கம் பார்த்து ஓடினால் வலது கைப்பக்கம் கடல். அவன் பந்தோடு தண்ணீரை நோக்கிச் சாய்ந்து ஓடுவான். துரத்தி வருகிறவன், இவன் கடலில் விழப்போகிறான் என்று சிரிக்க வாயைத் திறப்பான். அந்த நொடியில் அச்சுதன் வலது காலை ஈர மணலில் ஆழ ஊன்றி முழு உடம்பையும் இடது பக்கம் சுழற்றிவிடுவான். ஊன்றிய கால் சரிவில் ஒரு சாண் வழுக்கும். அந்த வழுக்கலில்தான் அவனுடைய வேகமெல்லாம் இருந்தது. துரத்தியவன் அலைக்குள் கிடப்பான். அச்சுதன் கோலுக்கு முன்னால் இடது காலைத் தூக்கியிருப்பான்.

"நண்டுடா இவன்" என்றான் தேசப்பன், வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு. "வளைக்குப் போற மாதிரி போய்க்கினு சர்ருன்னு திரும்புறான்."

அன்றிலிருந்து அதற்கு நண்டுத் திருப்பம் என்று பெயர். அவனுக்கும் ஒரு நிச்சயம் வந்துவிட்டது. தட்டில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே அம்மா ருக்மிணியிடம் அறிவித்தான்.

"அம்மா, நான் மெட்ராஸ் லீக்ல ஆடப்போறேன். அப்புறம் இந்தியாவுக்கு."

"முதல்ல கணக்குல பாஸ் பண்ணு. இந்தியா காத்துண்டிருக்கும்."

அப்பா வெங்கடராகவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வெல்டிங் சோதிப்பவர். குழாய்களை ஒட்டவைத்த இடங்களை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அவர் சரி என்று சொன்ன குழாயை இரண்டாவது தடவை யாரும் பார்ப்பதில்லை. வீட்டிலும் அப்படித்தான். தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதிலிருந்து மாப்பிள்ளை பார்ப்பது வரை அவர் சரி என்றால் சரி.

கால்பந்தை மட்டும் அவர் சோதிக்கவேயில்லை. ஒரு ஆட்டம்கூட வந்து பார்த்ததில்லை.

செங்கல்பட்டில் கல்லூரியில் சேர்ந்த வருடமே அச்சுதன் கல்லூரி டீமின் வலது விங்காகிவிட்டான். அங்கே மைதானம் கட்டாந்தரை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு திரும்பினால் புழுதியில் கால் வழுக்கும், மணல் மாதிரியே. நண்டுத் திருப்பம் இன்னும் கூர்மையானது. எதிர் டீம்காரர்களுக்கு அவன் என்ன செய்யப்போகிறான் என்று தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சென்னை மைதானம் ஒன்றில் அப்படி ஒரே ஆட்டத்தில் மூன்று பேரைப் புழுதியில் உட்காரவைத்த சாயங்காலம், ஈஸ்ட் கோஸ்ட் ஸ்போர்ட்டிங் கிளப்பின் கோச் ஜானகிராமன் அவனைக் கூப்பிட்டார். தொப்பை விழுந்த பழைய ஆட்டக்காரர். பாராட்டுவது அவர் நாக்குக்குப் பழக்கமில்லை.

"உனக்கு வலது கால்ல ஷாட்டே கிடையாதாப்பா?"

"இடது கால் போதும் சார்."

"திமிரு."

"நிஜம் சார்."

ஜானகிராமன் அவனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "திங்கக்கிழமை காலைல வா. லேட்டா வந்தா அப்படியே திரும்பிப் போயிடு."

திங்கட்கிழமை அவன் கோழி கூவும் முன்னே கிளம்பினான். முதல் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில். பூட்ஸ் மஞ்சள் பையில் மடியில் இருந்தது. சிங்கப்பெருமாள்கோயில் தாண்டும்போது விடிந்தது. எதிர் சீட்டில் இருந்தவர், "வேலைக்கா தம்பி?" என்று கேட்டார். "ஆமா சார், ஃபுட்பால் ஆடற வேலை" என்றான். சொல்லிப் பார்க்கவே நாக்குக்கு இனித்தது. சில மாதங்களில் அது உண்மையும் ஆயிற்று. மாதச் சம்பளம், கிளப் ஜெர்சி, முதுகில் ஏழாம் நம்பர். தேசப்பன் அந்த ஜெர்சியை வாங்கி முகர்ந்து பார்த்து, "புதுத்துணி வாசன. ஆடி அழுக்காக்குடா மச்சான்" என்றான்.

அழுக்காக்கினான். அந்த சீசனில் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலையில் அவன் பெயர் வந்தது, அதில் ஒரு எழுத்துப் பிழையோடு. அடுத்த வருடம் கிளப் அகில இந்திய லீகுக்குத் தகுதிபெற ஆடும் என்று பேச்சு வந்தது. அச்சுதன் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த ஊரில் எந்தக் கோல்கீப்பரை எப்படி ஏமாற்றுவது என்று பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு ஆடித் தீர்த்தான்.

முதல் வெளியூர்ப் போட்டி கேரளத்தில். அப்படி ஒரு மைதானத்தை அவன் பார்த்ததேயில்லை. மழையில் நனைந்த பச்சைப் புல், கணுக்கால் வரை குளிர்ச்சி. வழுக்கும் என்று எல்லோரும் கிளப் கொடுத்த புது பூட்ஸை மாட்டினார்கள். அடியில் திருகி மாட்டும் நீள உலோக ஸ்டட்கள். போட்டு நடந்தால் தரையைக் கவ்விக்கொண்டன. அச்சுதனுக்குத் தலை கால் புரியவில்லை. இந்தப் பிடிமானம் இருந்தால் இன்னும் வேகமாகத் திரும்பலாமே.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்து வந்தது. கோட்டோரம் ஓடினான். எதிர் டீமின் தடுப்பாட்டக்காரனான பேக் அவனை ஒட்டி வந்தான். கோட்டைத் தாண்டப்போகிறவன் போல் சாய்ந்து, வலது காலை ஊன்றி, உடம்பைச் சுழற்றினான்.

உடம்பு திரும்பியது. கால் திரும்பவில்லை.

முழங்காலுக்குள் ஏதோ 'டப்' என்று தெறித்தது அவன் காதுக்கே கேட்டது. விழுந்த பிறகும் வலது பூட்ஸ் புல்லை விடவில்லை.

ஊர் திரும்பியபோது முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரிடம் காட்டுவதற்கு முன் படம் வீட்டுக்கு வந்தது. வெங்கடராகவன் உறையிலிருந்து அதை எடுத்தார். ஓரத்தை மட்டும் விரலால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். மகனுடைய ஆட்டத்தில் அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்று முதல்முறையாக வந்திருந்தது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஒரு டிஃபெக்டும் இல்லை" என்றார். "விரிசல் இல்லை, முறிவு இல்லை. வெறும் வீக்கம்தான்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமேன்னா" என்றாள் ருக்மிணி.

"இருபது வருஷமா நான் என்ன பாத்துண்டிருக்கேன்? இதைவிட மோசமான படமெல்லாம் பாத்தாச்சு."

வீக்கம் வடிந்தது. நடந்தான், வலியில்லை. நேராக ஓடினான், வலியில்லை. ஜானகிராமனிடம் போய், "எக்ஸ்ரே கிளியர் சார்" என்றான். தகுதிப் போட்டிக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் அவர் அவனை இறக்கினார். ஒரே ஒரு தடவை திரும்பினான். யாரும் தொடவில்லை, பக்கத்தில் ஆள்கூட இல்லை. முழங்கால் கீல் பிடுங்கிய கதவு மாதிரி ஆடி, அவன் முகம் குப்புற விழுந்தான்.

இந்த முறை சென்னையில் ஸ்கேன். முழங்காலை உள்ளிருந்து பிடித்து நிறுத்தும் தசைநார் அறுந்திருந்தது. எலும்பு மட்டும்தான் எக்ஸ்ரேயில் தெரியும், நார் தெரியாது என்று டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தார். வெங்கடராகவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது தடவை விழுந்ததில் உள்ளே குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. அன்று பஸ்ஸில் அவர் மகனுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு வீட்டில் எதையும் சரி என்று சொல்வதை நிறுத்திவிட்டார். தர்பூசணியை ருக்மிணியே தட்டிப் பார்த்து வாங்கினாள்.

ஆபரேஷன் நடந்தது. கிளப், அடுத்த சீசன் தொடங்கும்வரை அவன் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னது. அதற்குள் ஒரு முழு ஆட்டத்துக்குத் தயாராக வர வேண்டும், இல்லையென்றால் கணக்கு முடிந்தது. தொடையைப் பார்த்தால் தயாராவான் என்று தோன்றவில்லை. வலது தொடை முருங்கைக்காய் போல் இளைத்துக் கிடந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுத்தவர் மார்கரெட். முப்பது வயதிருக்கும். நோயாளி முனகினால் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

"காலைத் தூக்கு ஹீரோ."

"தூக்கிட்டேன் மேடம்."

"இதுவா? எங்க வீட்டு நாய் போஸ்ட் கம்பத்துல இதைவிட உசரமாத் தூக்கும்."

அச்சுதன் சிரித்துக்கொண்டே தூக்கினான். அழவேண்டிய நாட்களிலும் சிரித்துக்கொண்டே தூக்கினான். அவனைப் பார்க்க வந்தவர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து, அடுத்த சீசனில் அவன் போடப்போகும் கோல்களின் விவரத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். கம்பு போய் நடை வந்தது. நடை போய் ஓட்டம் வந்தது. கடைசியில் மார்கரெட், "ஓடலாம், குதிக்கலாம். அந்தத் திருப்பம் மட்டும் வேண்டாம். மறுபடி அறுத்துக்கிட்டு எங்கிட்ட வராதே" என்றார்.

அதுதான் இடித்தது. நண்டுத் திருப்பம் இல்லாமல் அவன் யார்? நேராக ஓடத் தெரிந்த ஆயிரம் பேரில் ஒருவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக் கடற்கரைக்குப் போனான். தேசப்பன் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அச்சுதன் பந்து இல்லாமல், மெதுவாக, ஒரே ஒரு தடவை பழைய மாதிரி திரும்பிப் பார்த்தான். கால் வழுக்கியது, வலிக்கவில்லை. குனிந்து மணலைப் பார்த்தான். ஊன்றிய இடத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிறை மாதிரி ஒரு கீறல். அலை வந்து அதை நிரப்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

"இன்னாடா, காச தொலச்சியா?"

"தேசப்பா, இங்க கால் இவ்வளவு தூரம் நகர்றது. அங்க புல்லு, ஸ்டட்டு. கால் நகரவே இல்லை. நகராம நின்னதை நான்தான் முறுக்கியிருக்கேன்."

தேசப்பன் வந்து குனிந்து பார்த்தான். "சரி, அப்போ ஊணாம திரும்பு."

"எப்படிடா?"

"என்னக் கேட்டா? உன் பேருதான நண்டு. அது ஒத்தக் கால ஊணியா திரும்புது? குட்டிகுட்டியா எத்தினி கால் வெக்கிது பாரு."

சொல்லிவிட்டு அவன் வலைக்கே போய்விட்டான். அச்சுதன் ஈர மணலில் உட்கார்ந்து நண்டுகளைப் பார்த்தான். உண்மைதான். ஒரு பெரிய ஊன்றல் எதுவும் இல்லை. சின்னச் சின்னதாக அடிவைத்து, எந்த ஒரு காலிலும் முழுப் பாரத்தைப் போடாமல், நினைத்த பக்கம் போயின. இத்தனை வருடம் அவற்றின் பெயரை வைத்துக்கொண்டு அவற்றை ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து அப்போதே ஆரம்பித்துவிட்டான்.

அதன்பின் தினமும் அதே ஆட்டம். அச்சுதன் பந்தோடு அலையை நோக்கிச் சாய்வான். ஊன்றாமல், மூன்று நான்கு குட்டி அடிகளில் திரும்புவான். தேசப்பன் ஓடிவந்து தடத்தைப் பார்ப்பான். மணலில் கீறல் விழுந்திருந்தால் அச்சுதன் அலைக்குள் மூழ்கி எழ வேண்டும். முதல் வாரம் முழுவதும் நனைந்த கோழியாகத்தான் வீட்டுக்குப் போனான். அந்தக் கோடைக்குள் நீச்சல்கூட வந்துவிட்டது. பிறகு கீறல்கள் சிறுத்தன. ஒருநாள் தேசப்பன் தடத்துக்கு மேல் முட்டிபோட்டு வெகுநேரம் தேடினான். வட்டம் வட்டமாகக் குதிங்கால் படாத தடங்கள் மட்டும் இருந்தன.

"ஒண்ணுங் கெடிக்கல மச்சான்" என்றான் வருத்தமாக. "இனிமே யார முக்குறது?"

கிளப் அவனைச் சோதிக்க வைத்த ஆட்டம் ஜூன் மாதம், சென்னையில். முந்தின இரவு மழை; புல்லில் ஈரம். மற்றவர்கள் உலோக ஸ்டட் மாட்டினார்கள். அச்சுதன் தன் பழைய ரப்பர் பூட்ஸை எடுத்தான். ஜானகிராமன் பார்த்தார். "வழுக்கி விழுவே."

"விழுந்தா எழுந்துக்கலாம் சார். மாட்டிண்டாத்தான் கஷ்டம்."

கேலரியில் தேசப்பன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில், மடியில் டிபன் டப்பாவோடு, வெங்கடராகவன். வருவதாக அவர் சொல்லவில்லை. மகன் ஆடும் ஆட்டத்தை அவர் வாழ்க்கையில் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை.

முதல் பாதியில் அச்சுதனுக்குப் பந்து வந்தபோதெல்லாம் பின்னால் தள்ளிவிட்டான். எதிர் டீமின் பேக் சீக்கிரமே கண்டுகொண்டான். இவன் திரும்ப மாட்டான். கேலரியிலிருந்து ஒருவன், "ஏழாம் நம்பரு, ரிவர்ஸ் கியர் மட்டும்தான் கீதா?" என்று கத்தினான். தேசப்பன் எழுந்து அவனிடம் ஏதோ சொல்லப்போக, வெங்கடராகவன் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

இரண்டாவது பாதியின் கடைசி. ஆட்டம் சமனில். நீளப் பந்து ஒன்று வலது ஓரத்தில் விழுந்து கார்னர் கொடியை நோக்கி உருண்டது. அச்சுதன் பறந்தான். அப்போது அவன் காதில் கூட்டத்தின் சத்தம் இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது, அவ்வளவுதான். பேக் தோளோடு தோள் வந்தான். கோட்டைத் தாண்டப்போகிறவன் போல் அச்சுதன் சாய்ந்தான். கேலரியில் வெங்கடராகவன் கண்ணை மூடிக்கொண்டார்.

டக், டக், டக், டக். நான்கு குட்டி அடிகள். பேக் தன் நீள ஸ்டட்டோடு நேராகப் போய் விளம்பரப் பலகையில் மோதினான். அச்சுதன் உள்ளே இருந்தான், பந்து இடது காலில் இருந்தது, கோல்கீப்பர் ஒரு அடி தாமதமாக இருந்தான். உதைத்தான். பந்து தூரக் கம்பத்தின் உள்பக்கம் பட்டு வலையில் சுருண்டது.

எல்லோரும் அவன் மேல் விழுந்தார்கள். குவியலின் அடியிலிருந்து வெளியே வந்ததும் அவன் செய்த முதல் காரியம், திரும்பிய இடத்துக்கு ஓடிப்போய்க் குனிந்து புல்லைப் பார்த்ததுதான். ரெஃப்ரி விசிலை ஊதி, "என்னய்யா தேடறே? வந்து ஆடு" என்றார்.

ஆட்டம் முடிந்தது. ஜானகிராமன் முதுகைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "திங்கக்கிழமை பிராக்டிஸ். வலது கால்லயும் ஷாட் போடக் கத்துக்க." அவ்வளவுதான் பாராட்டு. அதற்குப் பிறகு அச்சுதன் அந்தக் கிளப்புக்கு ஐந்து சீசன் ஆடினான். இந்தியாவுக்கு ஆடவில்லை. ஆடியிருக்க வேண்டியவன் என்று அவன் கடைசிவரை நம்பினான். கூட இருந்தவர்களையும் நம்பவைத்தான்.

அன்று மைதானம் காலியான பிறகு தேசப்பன் வெங்கடராகவனைக் கையைப் பிடித்துக் கோட்டோரம் அழைத்து வந்தான்.

"சார், நீங்க பெரிய இன்ஸ்பெக்டரு. இங்கதான் திரும்புனான். நீங்களே பாத்து சொல்லுங்க, கிராக் எதுனா கீதா?"

வெங்கடராகவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வேட்டியை மடித்துக்கொண்டு குந்தினார். ஈரப் புல்லை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். பச்சை எங்கும் கிழியவில்லை. எழ முயன்றபோது அவருடைய முழங்கால் சடக்கென்றது. அச்சுதன் கையைக் கொடுத்தான்.

"அப்பா, உங்க காலுக்குத்தான் ஒரு எக்ஸ்ரே எடுக்கணும் போலிருக்கே."

"எடுத்தா, படத்தை டாக்டர்கிட்டயே குடுத்துடு" என்றார் அவர்.

முதலில் சிரித்தது தேசப்பன். பிறகு அவரும் சிரித்தார், வெகு நாளைக்குப் பிறகு, தோள் குலுங்க. டிபன் டப்பாவில் இருந்த புளியோதரையை மூன்று பேரும் கோட்டின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அச்சுதன் பாதி வாய்ச் சோற்றோடு, திங்கட்கிழமை முதல் வலது காலை என்ன செய்யப்போகிறான் என்று சொல்லிக்கொண்டேயிருந்தான்.